சேதி சொல்லப் போகிறவர்

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகுப் புண் ஆறியதா? போனில் பேசலாம் என்றால் உங்கள் காது விடமாட்டேன் என்கிறது. போன முறை நான் "அப்பா தூங்குறார்" என்றேன், நீங்கள் "ஆமா, இங்கேயும் மழைதான்" என்றீர்கள். கடிதமே நல்லது.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இடது கையும் காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வார்த்தை குழறுகிறது. நினைவில் மட்டும் ஒரு குறையும் இல்லை. படுத்தபடியே எங்கள் கட்டட லிஃப்ட் போகும் சத்தத்தைக் கேட்டு, "கயிறு தேஞ்சிருக்கு, யாரும் பாக்கறதில்லையா?" என்கிறார்.

அம்மாவைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கண் விழிக்காமல் கிடந்த வாரத்தில் அம்மா போனதும், அவர் இல்லாமலே நாங்கள் அவளை அனுப்பி வைத்ததும் உங்களுக்குத் தெரியும். அதிர்ச்சி கூடாது, கொஞ்சம் தேறட்டும் என்றார் டாக்டர். அதனால், அம்மா சித்தி வீட்டில் இருக்கிறாள், முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சித்தியும் போனில் ஒத்து ஊதுகிறாள்.

நேற்று உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா அண்ணிய விசாரிக்கவே இல்லையே" என்றார்.

"அவசரத்துல எழுதியிருப்பாங்கப்பா."

"நாலு பக்கம் எழுதியிருக்கா."

அத்தை, அடுத்த கடிதத்தில் அம்மா நலமா என்று ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்களிடம் இதைக் கேட்கக் கூடாதுதான். வேறு வழி தெரியவில்லை.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பிப்ரவரி 24

கண்ணுவுக்கு அத்தை எழுதுவது,

இங்கே நான் நலம். மாமாவுக்குப் புண் ஆறுகிறது, கோபம்தான் ஆறவில்லை. படுத்த படுக்கையில் இருந்துகொண்டு ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற எல்லோருக்கும் புத்தி சொல்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். "அண்ணி எப்படி இருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை, கண்ணு. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ அந்த வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய், நான் தூரத்தில் சௌகரியமாக இருந்துகொண்டு யோக்கியம் பேசுகிறேன். ஆனால் அவனிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் நம் குடும்பத்தில் இதுவரை யாரும் இல்லை. நீயும் தப்பமாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவனுக்குத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதில் இருப்பதெல்லாம் உண்மை. அதை மட்டும் வாசித்துக் காட்டு. இந்தத் தாளை மடித்து உன் பையில் வைத்துக்கொள்.

அத்தை

(அதே உறையில்)

அன்புள்ள அண்ணா,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று படித்ததும் பாதி உயிர் வந்தது. மருந்தைத் துப்பாமல் சாப்பிடு. நான் நலம். உன் மைத்துனர் படுத்தபடியே நலம்.

உனக்கு அந்த வக்கீலை ஞாபகம் இருக்கிறதா? பெரிய கட்டடத்து லிஃப்ட்டில், மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து எல்லோர் மேலும் கேஸ் போடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தாரே. மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடி ஓடினார்கள். நீ கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாய். அவர் முதலில் திட்டினார். பிறகு சொன்னார். அப்புறம் அவருடைய மாமியார் சமையல் வரைக்கும் போய்விட்டார். கதவு திறந்தபோது, "இருங்க, இன்னும் முடிக்கல" என்றார்.

முதலில் ஆளை எடுக்க வேண்டும், அப்புறம்தான் லிஃப்ட்டை எடுக்க வேண்டும் என்பாய். அன்றைக்கு உனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அண்ணி, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் நினைக்காத நாள் இல்லை.

நடந்து பழகு. விழுந்தால் நான் வரமுடியாது.

உன் பாப்பா

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் ஒருவாறு நலம். நீங்கள் நலமா? மாமா புத்தி சொல்வதற்குத் தெருவில் போதுமான ஆட்கள் வருகிறார்களா?

அப்பா வக்கீல் கதைக்குச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது, ஆனாலும் சிரிப்பு. அம்மாவின் சிரிப்பைப் பற்றிய வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவோடு போனில் பேச வேண்டும் என்று முன்பு தினமும் கேட்பார், அதையும் விட்டுவிட்டார். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது.

பிரார்த்தனைக் கூடத்திலிருந்து தினம் யாராவது பார்க்க வருகிறார்கள். எல்லோரும் கதவோரத்திலேயே நிற்கிறார்கள். உட்கார்ந்தால் உளறிவிடுவோமோ என்ற பயம். கூடத்துச் செயலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். "என்னடா ஒட்டகம், ஜன்னலுக்கா உடம்பு சரியில்ல?" என்று அப்பா அவருடைய பழைய பட்டப்பெயரிலேயே கேட்டார்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று கூடத்தில் நினைவு நாள். அந்த வருடம் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள், உறவுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அப்பா ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த வருடமும் கைத்தடியை ஊன்றிக்கொண்டாவது போவேன் என்கிறார். அங்கே உட்கார்ந்து அம்மாவின் பெயரை அவர் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். டாக்டரும் இப்போது சொல்லலாம் என்கிறார்.

எத்தனையோ வருடமாக, கூடத்தைச் சேர்ந்த யார் இறந்தாலும் வீட்டாருக்குப் போய்ச் சொல்கிறவர் அப்பாதான். நான் அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன், திரும்பி வந்ததும் திறந்திருக்கிறேன். அந்த வீடுகளுக்குள் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. கல்லூரியில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் முன்னால் தடங்கலில்லாமல் பேசுகிறேன். இதற்கு என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. நீங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவரோடு போவீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் எப்படிச் சொல்வார், அத்தை?

உங்கள் பதிலுக்காக,
மருமகள்

மார்ச் 30

கண்ணுவுக்கு,

நான் நலம். மாமா இப்போது தலையணையில் சாய்ந்து உட்காருகிறார். நீ தூங்குகிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்தால் தூங்கினவள் எழுதியது போல இல்லை.

இது எங்கே தொடங்கியது என்பதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் அப்பா வேலை பார்த்த கிடங்கில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். சேதி கொண்டு வந்த ஆள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தெருவிலிருந்தே, "உங்க வீட்டுக்காரர் போயிட்டாரும்மா, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அடுத்த வேலை இருந்திருக்கும். எங்கள் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரத் துணியைச் சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. யார் கேட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கினான். அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

பிறகு அவன் லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த காலம். கூடத்தில் ஒரு குடும்பத்துக்குக் கெட்ட சேதி. யார் போய்ச் சொல்வது என்று பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் கடைசி வரிசையில், கையில் கிரீஸோடு இருந்தவன், "நான் போறேன்" என்றான். அதிலிருந்து எல்லோரும் அவனையே அனுப்பினார்கள்.

போவதற்கு முன் காலியான கூடத்தில் கொஞ்ச நேரம் நிற்பான். என்ன வேண்டிக்கொள்வாய் என்று கேட்டேன். "நான் அவசரப்படக் கூடாதுன்னு" என்றான். ஸ்கூட்டரைத் தெரு முனையிலேயே விட்டுவிட்டு நடப்பான். அங்கேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். மணி பார்க்கிறவன் முன்னால் யாரும் அழமாட்டார்கள் என்பான். உள்ளே போனால் முதலில் உட்காருவான். உறவைச் சொல்லி, "செத்துப்போயிட்டார்" என்பான். போயிட்டார், இல்ல என்றெல்லாம் சுற்றி வளைத்தால் அவர்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும், அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வரவைக்கக் கூடாது என்பான். அப்புறம் வாயை மூடிக்கொள்வான். அழாதீங்க என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இந்தக் கடிகார விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோய், சும்மா டீ குடிக்கப் போனால்கூட ஜனங்கள் அவனைப் பார்த்து வெளிறினார்கள். அதனால் வாசலிலேயே கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். "பயப்படாதீங்க, டீக்குத்தான் வந்தேன்."

பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு முதலில் நான் துணைக்குப் போனேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி போனார்கள். அண்ணி நேரே சமையலறைக்குப் போய், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்த்து, குழந்தைகளுக்கு ஏதாவது கொடுத்து, பாத்திரம் கழுவி வைப்பார்கள். அண்ணன் சொல்லிவிட்டு வருவான், அண்ணி இருந்துவிட்டு வருவார்கள். உன்னைக் கூட்டிப் போகாததற்குக் காரணம் உண்டு. "என் பொண்ணு இதைக் கத்துக்க வேணாம்" என்பான். கத்துக்கொள்ளாமல் முடியாது போலிருக்கிறது.

நீதான் சொல்ல வேண்டும், கண்ணு.

அத்தை

ஏப்ரல் 25

அன்புள்ள அத்தைக்கு,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். நானும் அப்பாவும் நலம். அவர் கைத்தடியோடு சமையலறை வரை வருகிறார். மாமா எப்படி இருக்கிறார்?

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சென்ற வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். "அப்பா" என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவ்வளவு பொறுமையாக ஒருவர் என்னைப் பார்த்து எத்தனை காலமோ. "டீ போடட்டுமா?" என்றேன்.

"போடு" என்றார். பிறகு, "நீ ராத்திரி தூங்கறதில்லையா? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு" என்றார்.

சமையலறையில் டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டால் அம்மா எனக்கும் இறந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு அப்போது வந்தது. இத்தனை நாளாக அவருக்காக அவளைச் சித்தி வீட்டில் வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். எனக்காகவும்தான்.

செயலாளரிடம் கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து சேதி சொல்லப் போகிறவர் அவர்தான். மே இரண்டாவது ஞாயிறன்று வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டார். "அவர்கிட்ட கத்துக்கிட்டத அவர்கிட்டயே செய்யணுமா?" என்று கேட்டார்.

மருமகள்

மே 3

கண்ணுவுக்கு,

இங்கே சுகம். பெரிதாக எழுத நேரமில்லை, மாமாவுக்குக் காய்ச்சல், இப்போது குறைந்துவிட்டது.

ஒட்டகம் சொல்லட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் டீ போட எழுந்து போய்விடாதே. அறையில் இரு.

அத்தை

மே 14

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் காய்ச்சல் முழுதும் விட்டதா?

அப்பா ஜன்னலருகே நாற்காலியில் இருந்தார். நான் அறையிலேயே இருந்தேன். செயலாளர் உள்ளே வந்தார். அப்பா, "வாடா ஒட்டகம்" என்று தொடங்கினார். கண் அவருடைய மணிக்கட்டில் நின்றுவிட்டது. வெறும் கை. வெயில் படாத இடம் பட்டையாக வெளுத்துத் தெரிந்தது. தெரு முனையில், வழக்கம்போல, யோசிக்காமலே கழற்றிவிட்டிருக்கிறார்.

"கடிகாரம் எங்கடா?"

செயலாளர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பேரன் எடுத்த மனிதர். "பையில இருக்குண்ணே. பழக்கமாப் போச்சு."

"யார் வீட்டுக்குப் போற வழியில வந்த?"

"இங்கதான்ணே வந்தேன்."

"மொதல்ல உக்காரு. விழுந்துடுவ போலிருக்கு" என்றார் அப்பா. செயலாளர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா."

நானும் உட்கார்ந்தேன். "அம்மா செத்துப்போயிட்டாப்பா" என்றேன்.

தலையை ஆட்டினார். "எப்ப?"

"நீங்க ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம இருந்தப்ப."

"கூட யாரு இருந்தா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன், அத்தை. செயலாளரின் மனைவி கூட இருந்ததாக. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "யாரும் இல்லப்பா. வீட்டுல தனியா இருந்தா. நான் உங்ககூட இருந்தேன். உங்களுக்கு எடுத்துட்டு வர ஸ்வெட்டர் தேடியிருக்கா. அலமாரி திறந்திருந்தது" என்றேன்.

அழுதது செயலாளர்தான். அப்பா நல்ல கையால் அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சரிடா. நல்லா செஞ்ச."

"நான் ஒண்ணுமே சொல்லலையேண்ணே."

"வந்தியே."

அவர் போன பிறகு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "பாப்பா எழுதினதுலயே தெரிஞ்சுது. சிரிச்சத நெனைக்காத நாள் இல்லன்னு எழுதியிருந்தாளே. உயிரோட இருக்கிறவங்கள அப்படி எழுதமாட்டாங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியாகணும். உனக்குத் தெம்பு வரட்டும்னு இருந்தேன்."

இத்தனை மாதமும் நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் இன்னும் அழவில்லை. சாப்பிடுகிறார், நடக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். நேற்று, யார் யாருக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று விசாரித்தார். எல்லோருக்கும் போனில்தான் சொன்னோம் என்றேன். "பாப்பாவுக்கு?" என்றார். சித்தி மகன் மெசேஜ் அனுப்பினான் என்றேன். "மெசேஜா" என்றார். ரொம்ப நேரம் கழித்துத் தாளும் பேனாவும் கேட்டார். என்னை எழுத விடவில்லை.

மருமகள்

மே 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ உட்கார்ந்து படி.

உன் அண்ணி செத்துப்போய்விட்டாள்.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லையே. அதனால் சொல்கிறேன். நான் பக்கத்தில் இல்லை. யாருமே இல்லை. எனக்கு ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்தாளாம்.

எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுத் தெரு முனைக்கு வந்து அவளுக்காக நிற்பேன். அவள் உள்ளே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவாள். வழியில் இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். வீடு நெருங்கும்போது, "பசிக்குதா?" என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. அவள் இருக்கிற தைரியத்தில்தான் அடுத்த வீட்டுக்குப் போனேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. இந்த முறை சேதி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. அந்தச் சமையலறையில் அவள் இல்லை.

ஞாயிறன்று கூடத்தில் அவள் பெயரை வாசித்தார்கள். எழுந்து நின்றேன். பொண்ணு பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். அப்புறம் நானே அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இதை ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. நடுவில் அழுதேன். பொண்ணு பார்த்தாள், பார்க்கட்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக உட்காருகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன்.

அந்த மெசேஜ் வந்த அன்றைக்கு நான் அழவில்லை. கடைக்குப் போனேன், உன் மைத்துனருக்கு மருந்து வாங்கினேன், அவரைக் குளிப்பாட்டினேன். எனக்கு என்ன ஆயிற்று, கல்லாகிவிட்டேனா என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு நீ அண்ணியைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியைப் படித்ததும் அழ ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் சமையலறையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கே என் சத்தம் கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

அவர் உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போனேன். என்ன ஆச்சு என்று கையால் கேட்டார்.

"அண்ணி செத்துப்போயிட்டாங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான் ஜனவரியிலயே தெரியுமே" என்று காதருகே சொன்னார்.

"இல்ல, இன்னிக்குத்தான் அண்ணன் சொன்னான்" என்றேன்.

எதற்கெடுத்தாலும் புத்தி சொல்கிற மனிதர், அண்ணா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை ஊன்றி, புண்ணுள்ள முதுகோடு, மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.

உன் பாப்பா